அது பார்த்த திசை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள்.
இந்த வீட்டில் நூற்று எண்பத்தாறு.
சலவை எந்திரத்தின் மேல் மூன்று,
குளியல் தொட்டியில் ஒன்று,
மீதி அடுக்கடுக்காய் நீலத் தொட்டிகளில்.
பான்கிராஃப்டுக்கு வெளியே
பழைய டிராக்டர் கொட்டகை இது.
வாசல் பலகையில் ஒரே சொல்: மெதுவாக.
வண்டிகளுக்கா, வந்திருக்கும் எங்களுக்கா என்று
முதல் வாரம் பிடிபடவில்லை.

சம்பளம் எவ்வளவு, என்றாள் அம்மா.
இல்லை.
சாப்பாடு?
நானே சமைக்கிறேன்.
டிக்கெட்?
என் காசு.
கொஞ்ச நேரம் போன் மூச்சு மட்டும் விட்டது.
“அதுங்களக் குளிப்பாட்டவா அவ்ளோ தூரம் போனே?”
ஆமாம்மா.
பல் தேய்க்கிற பிரஷ்ஷால்.

ஓசூரில் கியர்பெட்டிகளைச் சோதிப்பவள் நான்.
மயிரிழை விரிசல் தெரிந்தாலும்
சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளிவிடுவேன்.
இங்கே விரிசலோடுதான் எல்லாம் வருகின்றன.
லொரெய்ன் ஓட்டில் துளையிடுகிறார்,
கம்பி கோத்து முறுக்குகிறார்,
நான் விளக்குப் பிடிக்கிறேன்.
டிரில் சத்தம் மட்டும் தெரிந்த சத்தம்.

பெயர் வைப்பதில்லை.
ஓட்டின் மேல் வெள்ளை டேப்,
அதில் எண், தேதி, கண்டெடுத்த சாலை.
தேறினால் அதே சதுப்பில் விடவேண்டும்.
வேறு குளம்
எவ்வளவு நல்ல குளமானாலும்
தன் குளத்தைத் தேடி நடந்தே சாகுமாம்.

இருநூற்றுப் பன்னிரண்டு, கடி ஆமை.
ஆமை என்றாலே அடக்கம் என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
இதற்குத் தலையும் காலும்
ஓட்டுக்குள் கொள்ளாது.
ஒளிய இடமில்லாததால் கடிக்கிறது என்றார் லொரெய்ன்,
என் கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே.

வியாழக்கிழமை பள்ளிப் பேருந்து.
கறுப்பு ரப்பர் விரிப்புதான் நெடுஞ்சாலை.
கவிழ்த்துப் பச்சையடித்த பேசின்தான் ஆமை.
பாடம் ஒரே வரி:
அது எந்தத் திசையைப் பார்த்து நின்றதோ
அந்தத் திசையிலேயே கடத்திவிடு.
பின்னாலதானே ஏரி இருக்கு என்றது ஒரு குரல்.
அந்தப் பக்கம் வெறும் டோனட் கடை என்றது இன்னொன்று.
அதற்குத் தெரியும் என்றேன்.
என் ‘ர’ உருளுவது பிடித்துப்போய்
மறுபடி சொல்லச் சொன்னாள் ஒருத்தி.

வெஸ்லியின் முறை. எட்டு வயது.
சரியாகத்தான் கடந்தான்.
பேசினைக் கீழே வைக்கவில்லை.
“எங்க கார் ஒண்ணு மேல ஏறிடுச்சு.
அப்பா நிறுத்தல.
லேட்டாயிடுச்சுன்னார்.”

எங்கே?
இருபத்தெட்டாம் நெடுஞ்சாலை, பெட்ரோல் பங்க் தாண்டி.
எப்போது?
தங்கச்சி பிறந்தநாள் அன்றைக்கு.
ஆசிரியை விரல்விட்டுப் பார்த்துச் சொன்னார்,
போன வெள்ளி, பதினாலாம் தேதி.

இருநூற்றுப் பன்னிரண்டின் டேப்பில்
அதே சாலை, அதே பங்க்.
தேதி பன்னிரண்டு.

தொட்டி முன் நின்று கேட்டான்:
இதுதானா?

ஆம். எவ்வளவு சின்னச் சொல்.
ஆமையில் முக்கால்வாசி அதுதான்.
தேதியின் மேல் என் கட்டைவிரல்
தானாகவே போய் உட்கார்ந்திருந்தது,
அதன் கட்டோடு.
எடுத்தேன்.
“இல்லை. இது வேற.”

அப்ப அது?

தெரியாது என்றேன்.
இடுக்கியையும் ஒரு மண்புழுவையும் கொடுத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வெகுநேரம் யோசித்தது.
பேருந்து இரண்டு முறை ஹார்ன் அடித்தது.
அவன் கை இறங்கவேயில்லை.

ஆறு மணிக்குத் தொட்டிகளைக் கழுவி முடித்து
லொரெய்னின் டிரக்கில் போய் இறங்கினேன்,
பங்க்கைத் தாண்டி, வாளியோடு.
இன்னும் நல்ல வெயில்.
சரளைக்கல், ஒற்றைச் செருப்பு,
சாலைக்கு இருபுறமும் இடுப்பளவு கோரை,
இருபுறமும் தண்ணீர்.
எந்தப் பக்கம் இறங்கித் தேடுவது?
மரம் ஏற்றிய லாரி ஒன்று என்னை உலுக்கிப் போனது.

அது எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று
வெஸ்லியிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.